டாக்டரின் ஐஸ் பெட்டி

ராக்கெட் விடப்போகிறார்கள் என்று மூன்று நாளாக ஒரு படகையும் கடலில் இறக்க விடவில்லை. கரையில் நின்று தூண்டில் போடத் தடையில்லை என்பதால், சனி ஞாயிறைக் கழிக்க மதுரையிலிருந்து வந்திருந்த பல் டாக்டருக்குத் தொபியாஸ் துணைக்கு நின்றான். முப்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறவனுக்கு இப்போது வேலை, டாக்டரையும் மீனையும் சேர்த்துப் படமெடுப்பது. டாக்டர் பல் பிடுங்குவதுபோல் தூண்டில் முள்ளைக் கழற்றி, மீனின் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்து, "பாவம், பொழைச்சுப் போகட்டும்" என்று தண்ணீரில் விடுவார். ஒவ்வொரு முத்தத்தையும் தொபியாஸ் படமெடுத்தான். அவன் வீட்டில் மூன்று நாளாக வெறும் ரசம்.

ஞாயிறு காலை வானம் உறுமியது. டாக்டர் தூண்டிலை அவன் கையில் திணித்துவிட்டு, செல்போனைத் தூக்கிக்கொண்டு மணல்மேட்டுக்கு ஓடினார். அந்த நேரம் பார்த்து மீன் இழுத்தது. தொபியாஸ் கோலைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையால் தூண்டில் நரம்பைப் பிடித்து இழுத்தான். முழங்கை நீளத்துக்கு ஒரு பாறை மீன். டாக்டர் பீர் பாட்டில் வைத்திருந்த ஐஸ் பெட்டிக்குள் அதைப் போட்டு மூடினான்.

டாக்டர் மூச்சு வாங்கத் திரும்பி வந்து பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"ஏதாவது கடிச்சுச்சா?"

"இல்ல சார்."

டாக்டர் கண்ணை மூடி, உள்ளங்கையைப் பெட்டிமேல் பதித்துக்கொண்டார்.

"அவ்வளவு உயரம் போயிடுச்சு. இங்க இன்னும் அதிருது பாருப்பா."

தொபியாஸ் வானத்தைப் பார்த்தான்.

"பெரிய ராக்கெட்டு சார்" என்றான்.