கட்டுரைக்குச் சொந்தக்காரர்

கிட்ட வாங்க, கண்ணுகளா. எண்பத்தேழில் நடந்த ஒரு கதை சொல்கிறேன்.

அருள்ஜோதிக்கு மறுநாள் விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. அவள் எழுதிய ஒரே ஆய்வுக்கட்டுரை உலகத்து நூலகங்களில் பதிவாகியிருப்பதைக் காட்டியாக வேண்டும். பல்கலைக்கழக நூலகத்துக் கம்ப்யூட்டரோ அவள் பெயரைத் தேடித் தேடிக் கையை விரித்தது.

“அப்பா பேரு என்னம்மா?” என்றார் நூலகர் எட்மண்ட்.

“அவரு எதுக்கு சார் இங்க?”

“நம்ம ஆளுங்களுக்கு அப்பா பேருதானே கடைசியில வரும்? இந்தப் பட்டியலைப் போடுற அமெரிக்காக்காரன் அதைக் குடும்பப் பேருன்னு நினைச்சுக்கிறான் லா.”

“இஞ்ஞாசி.”

தட்டியதும் திரையில் வந்துவிட்டது. ஆசிரியர்: இஞ்ஞாசி, அ.

“சார், என் பேருக்கு மாத்துங்களேன்!”

“என் கையில இல்லம்மா. உலகம் பூரா இனி இப்படித்தான். விடுங்க, அப்பா பார்த்தா பூரிச்சுப் போவாரு!”

பதினாலு வயதில் அவளுடைய புத்தகப் பையை அடுக்குமாடி வீட்டுக் குப்பைக் குழாயில் தள்ளிவிட்டு, “பொட்டப்புள்ளைக்குப் படிப்பு எதுக்கு?” என்றவர் அந்த அப்பா. அருள்ஜோதி அவர் பெயருக்குக் கீழே இருந்த தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்: ‘மகள்களின் படிப்பை நிறுத்திய தந்தையர்’.

உங்கள் வீட்டுப் பெண்களின் உழைப்பு அவர்கள் பெயரிலேயே விளங்கட்டும், கண்ணுகளா.