தெரிந்த பையன் ஒருவனுக்கு

ஜிம் மாஸ்டர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கைகளை மார்போடு இறுக்கிக் கட்டியிருந்தார்.

“எனக்கில்ல சார். தெரிஞ்ச பையன் ஒருத்தனுக்கு.”

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். இந்த அறைக்கு வரும் ஆண்களில் பாதிப் பேர் தெரிந்தவருக்காகத்தான் வருகிறார்கள்.

“பரவாயில்ல. தெரிஞ்சவருக்கு என்ன?”

“மார்பு பொம்பளைங்க மாதிரி வீங்கியிருக்கு. விதை சுருங்கிப் போச்சு. ஆசையே வரலையாம்.”

“உடம்பு ஏத்த ஊசி போட்டாரா?”

“ஒரு வருஷமா.”

“யாரு போட்டது?”

மாஸ்டர் தரையைப் பார்த்தார். “இந்தக் கைதான் சார்.”

டாக்டர் தலையசைத்தார். “வெளியிலேர்ந்து ஹார்மோன் வந்து கொட்டினா உடம்பு தன் கடையைச் சாத்திடும். விந்துகூட நின்னு போகும். வைத்தியம் இருக்கு, நாளாகும். எதுக்கு ஆரம்பிச்சீங்க... ஆரம்பிச்சாரு?”

“அவன் அப்பா நாலு பேர் முன்னாடி ஈர்க்குச்சின்னு கூப்பிடுவாராம்.”

“எல்லா அப்பனும் சொல்றதுதான். அதுக்காக ஊசியா?” டாக்டர் கையுறையை மாட்டினார். “சட்டையைக் கழட்டுங்க.”

“எனக்கில்லன்னு சொன்னேனே சார்.”

“சரிப்பா, தெரிஞ்சவருக்குத்தான். கழட்டுங்க.”

மாஸ்டர் கழற்றினார். மார்பு பலகை போலிருந்தது. டாக்டர் இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். வீக்கம் இல்லை.

“நிஜமாவே வேற ஆளா?”

“ஆமா சார். நேத்து போன்ல, ‘இனிமே இருந்து என்ன மாஸ்டர்’னு கேக்கறான். போலீசுல பிடிச்சுக் குடுத்தாலும் சரின்னு வந்துட்டேன்.”

டாக்டரின் குரல் உயர்ந்தது. “அறிவிருக்கா உனக்கு? பச்சப் பையனுக்கு ஊசியைக் குத்திட்டு, கதை சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கே! கையோட கூட்டிட்டு வர வேண்டியதுதானே?”

“கெஞ்சிப் பாத்துட்டேன். இங்க மட்டும் வர மாட்டானாம். வெட்கமா இருக்காம்.”

“அவனைப் பெத்தவங்க என்ன பண்றாங்க?”

“அவங்களுக்குத் தெரியாது சார்.”

“ஒரே வீட்ல இருந்துக்கிட்டு இதுகூடத் தெரியலையா? நல்லா வளர்த்தாங்க!” டாக்டர் கையுறையை உருவிப் போட்டுவிட்டுக் கார் சாவியை எடுத்தார். “நானே வர்றேன். எங்க இருக்கான்?”

மாஸ்டர் சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார். போட்டுக்கொள்ளவில்லை.

“உங்க வீட்டு மாடியில, சார்.”