வரிக்கு வரி

"வரிக்கு வரி தமிழ்ல சொல்லுங்க. அதுவரைக்கும் யாரும் பேனாவைத் தொடக்கூடாது" என்று கொத்தனார் நோட்டரியின் மேசைமுன் சட்டமாக உட்கார்ந்துவிட்டார்.

கொத்தனாரின் மச்சான், தன் வீட்டை வாடகைக்கு விடும் அதிகாரத்தைத் தன் தம்பிக்குக் கொடுக்கிறார். பத்திரம் முழுக்க இங்கிலீஷ். 'விற்கவும்' என்று ஒரு சொல் உள்ளே நுழைந்திருந்தால், வீடு போச்சு.

நோட்டரி விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இது?"

"தேதி."

"தேதிக்கு எதுக்கு இவ்வளவு நீளம்?"

"எழுத்தால எழுதியிருக்கு, பெரியவரே."

"இதுல விக்கிற பேச்சு ஒண்ணும் ஒளிஞ்சிருக்கலையே?"

"தேதியிலயா?"

நாலு பக்கம் முடிவதற்குள் நோட்டரிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"சரி, வில்லங்கம் இல்ல. போடுங்க மச்சான்" என்றார் கொத்தனார். மச்சான் கையெழுத்துப் போட்டார்.

முத்திரையை எடுத்த நோட்டரி, கடைசிப் பக்கத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"இங்க இன்னொரு கையெழுத்து வேணும். நான் விளக்கினது சட்டப்படி செல்லாது. கையெழுத்துப் போட்டவருக்கு விளக்கிச் சொல்ல, இங்கிலீஷ் நல்லாத் தெரிஞ்ச நம்பிக்கையான ஆளைக் கூட்டிட்டு வரச் சொன்னேனே, எங்கே?"

கொத்தனார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அது நான்தான். எங்க போடணும், காட்டுங்க."