பக்கத்தின் அடியில் ஒரு பெயர்

"பாத்தியா, அந்தப் பொண்ணு பேரத் தூக்கிட்டுத் தன் பேரப் போட்டுக்கிட்டான்."

தேநீர் ஊற்ற வந்த பெர்மெத், கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். உள்ளே பேசியது சைகல் அக்கா.

"யாரு, உலானா?" இது மிர்லான்.

"வேற யாரு? கார்ட இயக்குற டிரைவர் புரோகிராம் அவன் எழுதினது, சரி. அதுக்கான கையேட்டுப் பக்கத்த ஆறு வாரமா உக்காந்து எழுதினது பெர்மெத். இன்னைக்குக் காலையில சத்தமில்லாம மாத்திட்டான்."

"சலாம் சொன்னாக்கூட திரும்பிப் பாக்க மாட்டானே. அவன் மதிக்கணும்னா நாம கம்ப்யூட்டரா பொறந்திருக்கணும்."

பெர்மெத் காலிக் கோப்பையோடு தன் மேசைக்கு ஓடினாள்.

பிஷ்கேக்கில் அந்த வாடகை அறையில் இருந்த ஆறு பேரும், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்காக உழைத்தார்கள். சம்பளம் கிடையாது. எழுதின பக்கத்தின் அடியில் பெயரும் ஈமெயில் முகவரியும் இருக்கும். அவ்வளவுதான்.

பக்கத்தைத் திறந்து நேரே அடிக்குப் போனாள். ஹார்ட் டிஸ்க்குகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் புது கன்ட்ரோலர் கார்டுக்கான கையேடு. எழுதியவர்: உலான்.

அல்மாட்டி நகரத்தில் சம்பளத்தோடு ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். அவள் எழுதிய பக்கம் ஒன்றை இன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அவளிடம் இருந்ததே இந்த ஒரு பக்கம்தான்.

எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து உலானின் மேசைக்குப் போனாள்.

"அண்ணே, அந்தப் பக்கம்..."

"இன்னைக்கு அதத் தொடாத." அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அஞ்சு மணிக்குள்ள அல்மாட்டிக்கு அனுப்பணும். எம் பேரு இல்லாம எப்படி அனுப்புறது?"

"அனுப்பாத."

"ஏன்?"

"பெர்மெத், போய் வேற வேலையப் பாரு."

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. தன் மேசைக்குத் திரும்பினாள்.

மதியம் முழுக்க அவளுக்கு ஒரு வரியும் ஓடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், பக்கத்தின் அடியைப் பார்த்தாள், திரும்பக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

நாலரைக்கு உலான் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தான். "சம்சா வாங்கப் போறேன். காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல."

படிச் சத்தம் அடங்கியதும் சைகல் பாய்ந்து வந்தாள்.

"மெஷினப் பூட்டாமப் போயிட்டான். போ, நீயே உம் பேரப் போட்டுடு."

"அக்கா, எனக்கு மாத்துற அனுமதி இல்லையே. எல்லாம் அவர் வழியாத்தான் போகும்."

"அதனாலதான்டி அவன் மெஷின்ல பண்ணுன்னு சொல்றேன்! திருடன் வீட்டுலேருந்து சொந்தப் பொருள எடுத்துக்கறதுக்கு என்ன வெக்கம்? நான் வாசல்ல நிக்கறேன். வந்தான்னா இருமறேன்."

பெர்மெத் உலானின் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். திரையில் ஈமெயில் திறந்தே இருந்தது. மூடப் போனவள் கண்ணில் தன் பெயர் பட்டது.

காலை ஏழு மணிக்கு வந்த கடிதம். மலைப்பக்கத்துக் கால்நடை மருத்துவ நிலையத்திலிருந்து.

"கரண்ட் போனாலும் எழுதியது அழியாது, கார்டில் பேட்டரி இருக்கிறது என்று உங்கள் கையேடு சொன்னது. நம்பினோம். நேற்று கரண்ட் போனது. நாலாயிரம் ஆடுகளின் தடுப்பூசிப் பதிவு போய்விட்டது. கார்டைக் கழற்றிப் பார்த்தால் பேட்டரியே இல்லை. பதிவு இல்லாமல் தடுப்பூசிச் சீட்டு தர முடியாது; சீட்டு இல்லாத ஆட்டைச் சந்தைக்குள் விடமாட்டார்கள். எழுதிய பெர்மெத் யார்? இங்கே நிற்கிற மேய்ப்பர்கள் எல்லோருக்கும் அவள் முகவரியைக் கொடுக்கப் போகிறேன்."

புதுக் கையேடு என்றால் பழைய கார்டின் பக்கத்தைப் பிரதி எடுத்து, மாற வேண்டியதை மட்டும் மாற்றுவார்கள். எல்லோரும் அப்படித்தான். பழைய கார்டில் பேட்டரி இருந்தது. அந்த வரியை எடுக்க அவள் மறந்திருந்தாள்.

பக்கத்தின் நடுவுக்குப் போய்ப் பார்த்தாள். அந்த வரி இப்போது இல்லை. காலையிலிருந்து அவள் அடியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடிதத்துக்குக் கீழே உலானின் பதில்.

"அந்தப் பெயர் தவறுதலாக இருந்தது. மாற்றிவிட்டேன், பாருங்கள். பக்கம் என்னுடையது. முகவரி கொடுப்பதென்றால் என்னுடையதைக் கொடுங்கள். என் போன் நம்பர் இது."

அதற்கும் கீழே உலானுக்கு மேய்ப்பர்கள் எழுதிய கடிதங்கள். எண்ணினாள், முப்பத்தேழு.

"உன்னை நம்பி மந்தையை விட்டால் ஓநாய்க்கு விருந்து வைப்பாய்."

"உன்னைப் பெற்றவள் பாவம்."

அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

"என்னடி, மாத்திட்டியா?" வாசலிலிருந்து சைகல்.

மேசையில் உலான் விட்டுப்போன போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. பெர்மெத் எடுத்தாள்.

"டேய் உலான்!" காதைக் கிழித்தது ஒரு குரல். பின்னால் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. "சந்தை மூடப் போறாங்கடா, நான் என்ன பண்ணட்டும்?"

"உலான் இல்லீங்க. அந்த வரிய எழுதினவ பேசறேன். எம் பேரு பெர்மெத்," என்று சொல்லிவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு ஒரு பேனாவை எடுத்தாள். "எந்த மந்தைக்கு எப்போ ஊசி போட்டாங்கன்னு ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. பதிவ நான் மறுபடி எழுதிக்கறேன்."