பூசி மறைத்த கோடு

காற்று அடங்கி ஒரு மணி நேரமாகிறது. பாய்கள் துவண்டு தொங்க, பழைய மரப் போர்க்கப்பலை நீரோட்டம் இங்கிலாந்தின் கார்ன்வால் கரைப் பாறைகளை நோக்கி இழுத்துப்போகிறது. கொதிகலனில் நீராவி தயார். நீருக்கடியில் சுழன்று கப்பலை உந்த வேண்டிய சுழலிதான் இன்னும் தண்ணீருக்கு வெளியே இருக்கிறது. பாய் விரித்து ஓடும்போது அது கப்பலைப் பின்னுக்கு இழுக்காதபடி, பின்புறக் கூண்டு வழியாக மேலே தூக்கி வைப்பது வழக்கம். இறக்கும்போது சுழலியின் இரும்பு நாக்கு, இயந்திரத் தண்டின் முனையிலுள்ள பள்ளத்தில் பொருந்த வேண்டும். அதற்குப் பள்ளம் செங்குத்தாக நிற்க வேண்டும். தண்டில் உளியால் வெட்டிய கோடு உச்சிக்கு வந்தால் பள்ளமும் நிமிர்ந்திருக்கும். அட்மிரல் பார்வையிட வருகிறார் என்று நேற்று தண்டு முழுக்க வெள்ளை பூசிவிட்டார்கள். கோட்டைக் காணவில்லை. இயந்திரப் பொறுப்பாளர் ட்ரெவனியன் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, கத்தியால் சுரண்டுகிறார். மேலே அறுபது பேர் கயிற்றில் சுழலியைத் தாங்கி நிற்க, மாலுமித் தலைவன் ஹாஸ்கன் குனிந்து கத்துகிறான்.

"யோவ் கரிமூஞ்சி! அலை பாறையில மோதுறது காதுல விழலயா? விட்டுடவா?"

"விட்டுடாதய்யா! நாக்கு முறிஞ்சா அப்புறம் நீந்தித்தான் போகணும்!"

ட்ரெவனியனின் நகத்தில் ஏதோ இடறுகிறது. கோடுதான், உச்சிக்கு இரண்டு விரல் தள்ளி நிற்கிறது. நான்கு பேர் கடப்பாரை போட்டுத் தண்டை நெம்புகிறார்கள்.

"போதும்! இறக்கு!"

கயிறு முனகுகிறது. பொருந்தினால் ஒரே சத்தம், தவறினால் இரண்டு. டங்கென்று ஒன்று கேட்கிறது. ட்ரெவனியன் தண்டின்மேல் உள்ளங்கையை வைத்து இரண்டாவதற்குக் காத்திருக்கிறார். அது வரவில்லை.

"நீராவியத் திற!"

உள்ளங்கைக்குக் கீழே தண்டு மெல்லப் புரளத் தொடங்குகிறது.