படத்தில் வராத படகோட்டி

"எனக்குத்தான் தப்பா ஞாபகம் இருக்கோ என்னமோ. ஆனா படகோட்டி ஒருத்தன் இருந்தான், அஃப்ரின். நான் படிச்சிருக்கேன்" என்றாள் மஜீதா.

படம் விட்டதும் மூவரும் பேரங்காடிக்கு எதிரே இருந்த நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு வந்திருந்தார்கள். கிள்ளானில் மழை பிடித்துக்கொண்டது. மகள் அஃப்ரின் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கணவர் ஜெய்னுதீன் வழக்கம்போல ஒன்றும் பேசாமல் பாலில்லாத தே ஓவை ஆற்றிக்கொண்டிருந்தார்.

உப்புமலை இளவரசியின் கதை மஜீதாவின் கதை. தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து சனிக்கிழமைதோறும் கிள்ளானுக்குத் தையல் வகுப்புக்கு வந்துபோன பெண்ணுக்கு, மெட்ராஸ் வார இதழில் வந்த அந்தத் தொடர்கதைதான் உலகம். பேப்பர் கடையில் வாங்கியதும், வீடு போய்ச் சேரும்வரை பொறுக்காது. பஸ்ஸிலேயே படித்து முடித்துவிடுவாள். பின்னால் அது புத்தகமாக வந்தது. அதற்குள் இவளுக்குக் கல்யாணம், பிள்ளைகள். மறுபடி எடுத்துப் படிக்க வாய்க்கவே இல்லை. படமாக வருகிறது என்றதும் பெருநாளுக்கென்று தைத்து வைத்திருந்த பாஜு குரோங்கை உடுத்திக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பியிருந்தாள்.

படத்தில் குறையொன்றும் இல்லை. நிலா வெளிச்சத்தில் உப்புமலை எழுந்தபோது அவள் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டாள். இளவரசி அழக் கூடாது, கண்ணீர் பட்டால் மலை கரைந்துவிடும் என்று சொன்ன இடத்தில் தியேட்டரே மூச்சடக்கியது. மஜீதா மட்டும் படகோட்டிக்காகக் காத்திருந்தாள். அவன் வரவில்லை. இளவரசி ஏதோ ஒரு பெரிய பறவையின் முதுகில் ஏறிக் கடலைக் கடந்துவிட்டாள்.

அந்தக் கட்டத்தை அவள் மகளுக்கு விவரித்தாள். இளவரசி கரைக்கு வருகிறாள். வரவேண்டிய அரண்மனைக் கப்பல் வரவில்லை. ஒல்லியாக ஒரு படகோட்டி, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறான். யார், எவர் என்று ஒரு கேள்வி கேட்காமல் அக்கரையில் கொண்டுபோய் விடுகிறான். 'திரும்பி வர வழியும் இதுதான். நான் இங்கேயேதான் இருப்பேன்' என்கிறான். கதை முழுவதிலும் அவளுக்கு அதுதான் பிடித்த இடம்.

"அவன் மூஞ்சிகூட எனக்கு அப்படியே தெரியுது" என்றாள்.

அஃப்ரின் கைப்பேசியில் புத்தகத்தைத் திறந்து தேடினாள். பக்கங்களை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "உம்மா, புக்லயும் பறவைதான் லா. படகோட்டின்னு யாருமே இல்ல" என்றாள்.

மஜீதா கையைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். அவளுடைய உம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. நடக்காததை நடந்ததாகச் சொன்னார். கடைசியில், பெற்ற மகளைப் பார்த்து யாரம்மா நீ என்று கேட்டார். அஃப்ரினுக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

மழை கொஞ்சம் குறைந்தது. மூவரில் யாரும் எழுந்திருக்கவில்லை.

"திங்கக்கிழமை டாக்டர்கிட்ட காட்டிடலாங்க" என்றாள் மஜீதா, கணவரிடம். "முத்திப் போறதுக்குள்ள."

ஜெய்னுதீன் கிளாஸைக் கீழே வைத்தார்.

"டாக்டர் எதுக்கு? அந்த வாரம் மெட்ராஸ்லேர்ந்து பத்திரிகைக் கட்டு வரல."

மஜீதா நிமிர்ந்து பார்த்தாள்.

"மழையில நனைஞ்சுக்கிட்டு வந்து எங்க வாப்பா பேப்பர் கடையில நின்ன. புக்கு வரலன்னு சொன்னதும் ஒம் மொகம் விழுந்துபோச்சு. வெறுங்கையோட அனுப்ப மனசு வரல. புக்கு வரலன்னா என்ன, கதை எனக்குத் தெரியும்னு சொல்லி, வாயில வந்ததைச் சொன்னேன். அடுத்த வாரம் அதுக்கடுத்த புக்குதான் வந்துச்சு, பறவை வந்த புக்கு வரவே இல்ல. படகோட்டிக்கு அப்புறம் அதுல வேலை இல்ல."

அஃப்ரின் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். மஜீதா எதிரே உட்கார்ந்திருந்த, தலை நரைத்துப்போன அந்த மனிதரை, புதிதாகப் பார்ப்பவள்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் அவன் என்னதான் ஆனான்?"

"அவனா?" என்றார் ஜெய்னுதீன். "அந்தப் பொண்ணையே கட்டிக்கிட்டான். மூணு பிள்ளைங்க. கிள்ளான்லதான் இருக்கான்."