எல்லாம் சரியாத்தான் காட்டுது

நகரத்துச் சாக்கடைகளின் நீர்மட்டத்தைக் காட்டும் திரையில் ஒரு தெரு சிவந்தது. பெரிய அதிகாரிகள் பார்வையிட வரும் நேரம் என்பதால், திரையைக் கண்காணிக்கும் வேலையில் இருந்த நிறைமதி அதைப் பச்சையாக மாற்றிவைத்தாள். சற்று நேரத்தில் அந்தத் தெருவிலிருந்து அந்தோணியம்மாள் என்பவள் போன் செய்தாள்.

“மூடி வழியா தண்ணி பொங்குதும்மா. வீட்டுக்குள்ள வந்துடுமா?”

“வராதும்மா. இங்க எல்லாம் சரியாத்தான் காட்டுது.”

மாலையில் மனம் கேட்காமல் நிறைமதி அந்த வீட்டைத் தேடிப் போனாள். அந்தோணியம்மாள் ஒற்றை ஆளாகக் கழிவுநீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தாள்.

“யாரும்மா? ஆபீஸ்ல ஒரு பொண்ணு வராதுன்னு சொல்லிச்சு. அதை நம்பி அரிசி மூட்டையைக்கூட ஏத்தி வைக்கல.”

வாய் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். நிறைமதி பேசாமல் உள்ளே இறங்கி இன்னொரு வாளியை எடுத்தாள்.

“நல்லா இருப்பம்மா. உன் பேரு என்ன?” என்றாள் அந்தோணியம்மாள்.